கதவைத் தாழிடாத ஊர்

டென்மார்க்கில் ஆர்ஹூஸ் என்றொரு நகரம். 2013 முடிவதற்குள் அங்கிருந்து சுமார் 30 பேர் போர் நடந்துகொண்டிருந்த சிரியாவுக்குப் போய்விட்டார்கள். பெரும்பாலும் இளைஞர்கள்.

அவர்களை இழுத்தது மதம் மட்டுமா? இல்லை. 'இந்த ஊரில் எனக்கு இடமில்லை' என்ற வேதனையும்தான். போருக்கு ஆள் பிடிப்பவன் தேடி வருவது அந்த வேதனையைத்தான்.

காவல்துறையும் நகராட்சியும் என்ன செய்தன? குற்றம் செய்தவர்மீது வழக்கு. அதில் தளர்வே இல்லை. மற்றவர்கள் திரும்பி வந்தால் படிப்பு, வேலை, மனம்விட்டுப் பேச ஒரு வழிகாட்டி. கோபித்துக்கொண்டு ஓடிய பிள்ளைக்காக அம்மா கதவைத் தாழிடாமல் வைப்பாளே, அப்படி. பெற்றோரோடும் பேசினார்கள், பள்ளிவாசலோடும் பேசினார்கள். 'மதத்தை விடு' என்று கேட்கவில்லை. வன்முறையை விடு என்றார்கள். இதைக் கோழைத்தனம் என்றவர்களும் உண்டு. நான் துணிச்சல் என்பேன்.

2014இல் ஆர்ஹூஸிலிருந்து சிரியாவுக்குப் போனவர் ஒரே ஒருவர் என்றது காவல்துறை.