முடக்குவாதம்: காவலே தாக்கும்போது
(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



மூட்டுவலி என்றதும் ‘வயதாகிவிட்டது’ என்கிறோம். முடக்குவாதம் அப்படியல்ல. முப்பது, நாற்பது வயதிலேயே வரும், பெண்களுக்கே அதிகம். தேய்மான வலி நடக்க நடக்கக் கூடும். இதிலோ காலையில் விரல்கள் மடங்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கும். வேலை செய்யச் செய்ய இளகும். என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் ஈராண்டு வலி மாத்திரையிலேயே ஓட்டினார். வலி அடங்கியது, அரிப்பு அடங்கவில்லை. கோணிய விரல்கள் பிறகு நிமிரவேயில்லை.

அரிப்பது எது? நம் நோய்த் தடைகாப்பு மண்டலம்தான். கிருமியோடு போராட வேண்டிய வெள்ளணுக்கள் மூட்டின் உள்ளுறையைத் தாக்குகின்றன. உறை வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் தின்கிறது. சில மரபணுக்கள் இருந்தால் வாய்ப்பு அதிகம். புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் அதிகம். நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் வலி தொடங்கப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரத்தத்தில் தென்படுவதுண்டு. வகுப்பில் தடைகாப்புப் பாடம் நடத்தும்போது நான் தவறாமல் சொல்வது இது.

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் கொடுத்தார். நோயாளிகள் எழுந்து நடந்தார்கள்; 1950இல் நோபல் பரிசும் வந்தது. பக்கவிளைவுகள் பிறகு தெரிந்தன. அது தடைகாப்பு முழுவதையும் அடக்கும் மருந்து. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992இல் லண்டனில் டி.என்.எஃப் என்ற ஒரே ஒரு புரதத்தை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் உறங்கும் காசநோயைக் கட்டிவைத்திருப்பதும் அதே புரதம்தான். அதனால் நம் நாட்டில் காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் இந்த ஊசி போடக்கூடாது. இப்போது மாத்திரையாகவே ஜேக் தடுப்பான்கள் வந்துவிட்டன. எதிர்ப்பொருள் இருந்து மூட்டு இன்னும் வீங்காதவர்களுக்கு அபாடாசெப்ட் கொடுத்து, நோயைத் தள்ளிப்போட முடிந்ததை 2024இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இத்தனை வந்தும் முதல் மருந்து விலை குறைந்த மெத்தோட்ரெக்ஸேட்தான். வாரம் ஒருமுறை மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

குழந்தைகளுக்கும் இதைப் போன்ற மூட்டழற்சி வரும். முதல் பாடவேளையில் எழுத முடியாமல் மதியம் நன்றாக எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுமுன் விரல் மூட்டுகளைப் பாருங்கள். வீக்கம் தெரிந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சில குழந்தைகளுக்கு வலியோ சிவப்போ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வையைக் கெடுக்கும்.