திருந்துவோர்க்கு ஊர் சொல்ல வேண்டிய சொல்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரி மண்ணில் மழை பொய்த்தால் கரிமூட்டமே நமக்குக் கூலி. அதுவும் அற்ற நாளில் சிறு திருட்டிலோ அடிதடியிலோ சிக்கிய பிள்ளைகள் நம் தெருக்களில் இல்லையென்று சொல்வதற்கில்லை. வழக்கு முடிந்தால் போதுமென்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுகின்றனர். அத்தண்டனை பின்னாளில் அரசுப் பணிக்கு இடையூறாக நிற்கின்றது. சிறை சென்றவரோ பழகிய குற்றவாளிகளின் கூட்டுறவோடு திரும்புகின்றார்.

இதற்கு மாற்றுண்டு. சென்னை மாகாணம் 1936இலேயே நன்னடத்தைச் சட்டம் இயற்றியது. (பிறப்பையே குற்றமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டமும் 1947 வரை அதே மாகாணத்தில் உடனிருந்தது; விந்தையான இணை!) இந்தியா முழுமைக்குமான சட்டம் 1958இல் வந்தது. ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றம் புரிந்த, 21 வயது நிரம்பாத ஒருவரை, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பாராமலும் காரணத்தை எழுதிப் பதியாமலும் சிறைக்கு அனுப்பலாகாது என்கின்றது அதன் 6ஆம் பிரிவு. நன்னடத்தையின்பேரில் விடுவிக்கப்பட்டவரைத் தண்டனையால் வரும் தகுதியிழப்பினின்று 12ஆம் பிரிவு காக்கின்றது. ஆயினும் பணி விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தலாகாது.

அந்த அலுவலர் தெருவிற்கு வந்து வினவுங்கால், 'எங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று கதவடைக்கின்றோம். காவலர் நடமாட்டத்தைக் கண்டு பழகிய தெரு அஞ்சத்தான் செய்யும். எனினும் அவர் எழுதுவதைத்தான் நீதிபதி படிப்பார். 'இப்பிள்ளைக்குத் தறியில் வேலை தருகின்றேன்' என்று சொல்ல அன்று ஒருவர் வேண்டும்.

அழைப்பாணை பெற்ற வீட்டார், குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடுக. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியல் சாதியினர்க்கு வருமான வரம்பின்றி அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்.