ரத்தக்குழாயின் உட்சுவர் உரிந்தால்...

(நமது குடியிருப்பின் சமூகக் கூடத்தில் நடந்த ஞாயிறு மருத்துவக் கூட்டத்தில், நம் குடியிருப்பைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கம் நடத்திய ரத்தப் பரிசோதனை முகாமுக்குப் பிறகு, லிஃப்டிலும் பார்க்கிலும் என்னைப் பார்த்த பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "டாக்டர், ரிப்போர்ட் எல்லாம் நார்மல். இனி ஹார்ட்டைப் பற்றிக் கவலை இல்லையே?" இதற்குப் பதில் சொல்ல, ரத்தக்குழாயின் உட்புறத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் உடம்பில் உள்ள எல்லா ரத்தக்குழாய்களின் உட்புறத்திலும், டைல்ஸ் பதித்த மாதிரி ஒரே ஒரு அடுக்குச் செல்கள் இருக்கின்றன. இதற்கு எண்டோதீலியம் என்று பெயர். இது வெறும் பூச்சு இல்லை. ரத்தம் தேவையில்லாமல் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. இந்த வாயு பற்றிய கண்டுபிடிப்புக்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

உயர் ரத்த அழுத்தம், கட்டுப்பாடில்லாத சர்க்கரை, புகைபிடித்தல் எல்லாம் இந்த அடுக்கைப் பாதிக்கின்றன. பாதிக்கப்பட்ட செல்களில் சில கழன்று ரத்தத்தோடு போகின்றன. நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் துருவோடு வந்தால், சுவரை உடைத்துப் பார்க்காமலே உள்ளே அரிக்கிறது என்று புரிகிறதல்லவா? அதே கதைதான்.

ஆரோக்கியமானவரின் ஒரு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்கள் இருக்கும். கழன்று வந்த எண்டோதீலியச் செல்களோ மிகச் சிலதான் இருக்கும். அமெரிக்காவில் மாரடைப்போடு வந்த 50 பேரின் ரத்தத்தை, ஆரோக்கியமான 44 பேரின் ரத்தத்தோடு ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மாரடைப்பு வந்தவர்களிடம் இந்தச் செல்கள் நான்கு மடங்குக்கு மேல் இருந்தன. அளவில் பெரிதாக, உருக்குலைந்து, சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட உட்கருக்களோடும் இருந்தன.

"அப்படியானால் அந்த டெஸ்டை எங்கே எடுக்கலாம்?" என்று கேட்பீர்கள். இது இன்னும் வழக்கமான லேப் பரிசோதனையாக வரவில்லை. கோடிக்கணக்கான அணுக்களுக்கு நடுவே ஒரு சிலதைப் பிடித்து எண்ணுவது கடினம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கணக்கு மாறும். ரத்தக்குழாய் அழற்சியிலும் கடுமையான கிருமித்தொற்றிலும்கூட இவை கூடும். எங்கோ சேதம் என்று தெரியும். எந்தக் குழாயில் என்று தெரியாது. ஆகவே இதைச் சொல்லி யாராவது பேக்கேஜ் விற்றால் பணம் கட்டாதீர்கள்.

இனி நல்ல செய்தி. வீட்டுக் குழாய் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது; ரத்தக்குழாய் செய்யும். பக்கத்துச் செல்கள் பெருகி, உரிந்த இடத்தை மூடும். ரத்தத்திலும் இதற்கு உதவும் செல்கள் இருப்பதாக 1997இல் ஆசஹாரா என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் குழு அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை தாங்களே சுவராக மாறுவதில்லை, சில பொருட்களைச் சுரந்து உதவுகின்றன என்பது பிறகு தெரியவந்தது. 2003இல் 45 ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், இதய நோய் அபாயம் கூடுதலாக இருந்தவர்களுக்கு இந்தப் பழுதுபார்க்கும் செல்கள் குறைவாக இருந்தன. ஜப்பானில் புகைபிடிப்பவர்கள் சில வாரம் சிகரெட்டை நிறுத்தியபோது அவை கூடின. மறுபடி பிடித்ததும் குறைந்தன.

அதாவது, உள்ளே சேதமும் பழுதுபார்ப்பும் தினமும் நடக்கின்றன. எது முந்துகிறது என்பதில் நம் பழக்கத்துக்குப் பங்கு உண்டு. உங்கள் ரிப்போர்ட் அன்றைய தேதிக்கு நார்மல். நாளைக்கான உத்தரவாதம் இல்லை. பிபி எவ்வளவு என்று ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் நடங்கள். சிகரெட்டை விட இந்த வயதில் என்ன பயன் என்று நினைக்க வேண்டாம், பயன் உண்டு.

கடைசியாக ஒன்று. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் "கேஸ்" என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். முகாமில் எல்லாம் நார்மல் என்றார்களே என்றும் யோசிக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள், படியிறங்காதீர்கள். இன்டர்காமில் வாட்ச்மேனுக்குச் சொன்னால் கேட்டைத் திறந்து, லிஃப்டைத் தயாராக நிறுத்தி வைப்பார். எந்த நேரமானாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தயங்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.