இந்தக் கொடைக்கு வில்லு யாரு?



பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்களில் கூடிய கூட்டம் கலைந்துவிட்டது. இனி கோயில் கொடைவிழாக்களின் காலம். எங்கள் தென்மாவட்டங்களில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு கேள்வி காதில் விழும்: "இந்தக் கொடைக்கு வில்லு யாரு?" சுவரில் நோட்டீஸ் ஒட்டின உடனே என் கண்ணும் வில்லிசை என்று போட்டிருக்கும் வரியைத்தான் தேடும். யார் புலவர், எந்த ஊர்க் குழு, எந்தச் சாமிக்கு என்ன கதை.

இந்த ஆண்டு நோட்டீஸ்களில் இளையவர்களின் பெயர்கள் நிறைய வருகின்றன. அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அதே நோட்டீஸில் கீழே இன்னொரு வரியும் வருகிறது: கீபோர்டு, ரிதம் பேடு உண்டு என்று. அந்த வரியைப் படிக்கும்போது மனசு கனத்துப் போகிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன். இந்தக் கொடைக் காலத்தில் வில்லுக்கு அமரப்போகிற குழுக்களில் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு குடக்காரனாக நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

ஆம், நான் குடம் அடிக்கிறவன். அதனால் குடத்தின் பக்கம்தான் சாய்வேன்.

வில்லுப்பாட்டு உங்களுக்குத் தெரியாததில்லை. பனை வைரத்தில் செதுக்கிய வில், அதில் கட்டிய மணிகள், புலவர் கையில் வீசுகோல், பக்கத்தில் உடுக்கு, தாளம், கட்டை. எல்லாம் பார்த்திருக்கிறீர்கள். பிரிமணையில் உட்கார்ந்திருக்கும் மண்குடத்தையும் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் குடம் என்ன வேலை செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தாளத்துக்கு ஒரு வாத்தியம், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை.

மீதிப் பாதி இது. வில்லின் முதுகு குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. புலவர் வீசுகோலால் நாணை அடிக்கிறார். நாணின் அதிர்வு மரத்துக்குப் போகிறது, மரத்திலிருந்து குடத்துக்குள் இறங்குகிறது. குடத்துக்குள் இருக்கிற காற்று அந்த அதிர்வை வாங்கிப் பெருக்குகிறது. அப்படியென்றால், குடக்காரன் கையை மடியில் வைத்துச் சும்மா இருக்கும்போதுகூட குடம் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. வீணைக்கு அந்த அடிக்குடம் எப்படியோ, வில்லுக்கு இந்த மண்குடம் அப்படி. குடம் வில்லின் உடம்பு. மறுபடியும் சொல்கிறேன், குடம் வில்லின் உடம்பு.

இப்போது சில மேடைகளில் என்ன செய்கிறார்கள்? வில்லை இரும்புத் தாங்கியில் நிறுத்துகிறார்கள். குடத்துக்கு வண்ணம் பூசி, பூச்சுற்றி, முன்னால் பார்வைக்கு வைக்கிறார்கள். தாளத்தைப் பேடு பார்த்துக்கொள்கிறது. குடத்தைப் பிரித்த உடனே வில்லின் குரல் மெலிந்துவிடுகிறது. அது கேட்கவில்லை என்று அதற்குத் தனியாக ஒரு மைக் வைக்கிறார்கள். அந்த மைக்கில் வருவது வெறும் மணிச்சத்தம். பிறகு புலவரின் குரல் தனித்து நிற்கிறதே என்று எக்கோவைக் கூட்டுகிறார்கள். கதையின் சொல் ஒன்றும் விளங்காமல் போகிறது. ஒரு குடத்தை எடுத்ததில் தொடங்கி இத்தனையும் நடக்கிறது.

குடம் அடிப்பதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலது கையில் பத்தி. கமுகம்பாளையில் செய்த தட்டையான பத்தி. அதைக் குடத்தின் வாயில் அடித்து உடனே எடுத்தால் உள்ளிருந்து 'கும்' என்று ஆழமான நாதம் வரும். அடித்து அப்படியே அழுத்தினால் அந்த நாதம் அறுந்து 'டப்' என்று நிற்கும். இடது கையில் ஒரு நாணயமோ சிறு கட்டையோ. அது குடத்தின் தோளில் விழும்போது கணீரென 'டிங்' வரும். கும், டப், டிங். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு குடக்காரன் இராத்திரி முழுக்கக் கதையைத் தாங்க வேண்டும்.

எனக்குக் குடம் சொல்லிக்கொடுத்த ஆசான் நாஞ்சில் நாட்டுக்காரர். நான் பத்தியை ஓங்கி அடிக்கும்போதெல்லாம் சொல்வார்: "மக்களே, மண்ண அடிக்காத. உள்ள இருக்க காத்த அடி." அதற்குப் பொருள் பிடிபட எனக்கு வெகுகாலம் ஆயிற்று. மண்ணை அடித்தால் சத்தம் வரும், காற்றை அடித்தால் நாதம் வரும். பத்தி குடத்தின் வாயை மூடித் திறக்கும் அந்தக் கணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கையில் பலம் வேண்டியதில்லை. எடுக்கிற நேரம் தெரிய வேண்டும்.

ஆசான் முத்துப்பட்டன் கதைக்குக் குடம் அடித்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்ததால் படித்தவர்களிடமும் பரவிய கதை அது. பிராமணன் முத்துப்பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டுப் பெண்களை விரும்பி, அவர்களுக்காகத் தன் சாதியை விட்டு, செருப்புத் தைக்கும் தொழிலையும் ஏற்கிறான். அந்தக் கல்யாணக் கட்டத்தில் ஆசானின் குடம் துள்ளும். டிங், டிங் என்று இடது கையே பேசும். பிறகு மாடு கவர வந்தவர்களோடு மோதிப் பட்டன் மடிகிற கட்டம். இன்றைக்கு இந்த இடத்தில் பேடில் இடி இடிக்க வைக்கிறார்கள். ஆசான் என்ன செய்வார் தெரியுமா? பத்தியை உயர்த்துவார். அடிக்க மாட்டார். புலவரும் வீசுகோலை நிறுத்திவிடுவார். வெறும் வசனம் மட்டும் நடக்கும். பட்டன் விழுந்தான் என்ற சொல் முடிந்த பிறகு, ஒரே ஒரு 'கும்'. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ஒவ்வொரு கொடையிலும் கேட்ட அதே கதைதான். முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் அழுவார்கள்.

அந்த ஒரு 'கும்'மைப் பேடில் பதிந்து வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். பதியலாம். ஆனால் புலவர் அன்றைக்கு மூச்சு வாங்கும் நேரம் வேறு, கூட்டத்தின் முகம் வேறு. எந்த நொடியில் அடிப்பது என்பதை அங்கேயே இருந்து பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

சாமக்கொடையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நள்ளிரவு தாண்டிப் பனி இறங்கும். உடுக்கின் தோல் தளரும். தீயில் காட்டிக் காட்டி எடுக்க வேண்டியிருக்கும். குடம் அப்படித் தளராது. சுட்ட மண்ணாயிற்றே. உடுக்குச் சோரும் அந்த நேரத்தில்தான் சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு தொடங்கும். சுடலைமாடனோ இசக்கியோ சாமியாடும் கோமரத்தாடி மேல் இறங்க வேண்டும். புலவர் காலத்தைக் கூட்டிக்கொண்டே போவார். அப்போது அவரை விழாமல் பிடித்துக்கொண்டு போவது குடம். கோமரத்தாடியின் கால் எப்போது துடிக்கிறது என்று பார்த்து அடிக்க வேண்டும். முந்தினால் பாட்டு ஓடிவிடும், பிந்தினால் அருள் கலைந்துவிடும்.

கோயில் வில்லை இப்படிச் சொல்வதால் சபா மேடைகளில் பாடப்படும் வில்லிசையை நான் குறைத்துப் பேசவில்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் எங்கள் நாகர்கோவில் மண்ணிலிருந்து போனவர். இந்தக் கலையின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுசேர்த்தார். அவர் சென்னைக்கு அழைத்துக்கொண்ட சுப்பு ஆறுமுகம் ஐயா காந்தி கதையையும் பாரதி கதையையும் வில்லில் பாடினார். பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2022 அக்டோபரில் மறைந்தார். அவர்களுடைய வில் சொற்சுவைக்கு. எனக்குப் பிடித்தது கோயில் முற்றத்து வில். சாமி கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற நினைப்போடு பாடுகிற வில்.

அந்த வழியில் வந்தவர் சரவணந்தேரி பூங்கனி அம்மா. 2018-இல் மறைந்தார். சிறுவயதிலேயே வில்லுக்கு வந்து, பெண் புலவர் என்றால் ஊர் திரும்பிப் பார்த்த காலத்தில் கொடை கொடையாகப் பாடியவர். இன்றைக்கு இத்தனை பெண்கள் வீசுகோல் பிடிக்கிறார்கள் என்றால், பூங்கனி அம்மா போன்றவர்கள் நடந்த வழியில்தான் அவர்கள் வருகிறார்கள்.

இனி, இந்தக் காலத்து இளையவர்கள். வானொலியில் பெயர் சொன்னால் சொல்லாமல் விட்டவர்களுக்கு வருத்தமாகும். அதனால் ஊர்ப்பக்கம் மட்டும் சொல்கிறேன். அகத்தீஸ்வரம் பக்கத்தில் ஒரு பெண் புலவரின் குழு இருக்கிறது. போன ஆடிக் கொடையில் அவர் பாடிய தோட்டுக்காரி அம்மன் கதையைக் கேட்டேன். காப்புப் பாடி, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி, ஒன்றையும் அவசரப்படுத்தாமல் கதைக்குள் போனார். குடத்தில் அவருடைய தாய்மாமன். பேடு இல்லை, கீபோர்டு இல்லை. பெண்ணின் குரல் மேலே போகும்போது குடம் கீழே தங்கி நிற்கிறது. குரல் இறங்கி வந்து அதன் மேல் உட்காருகிறது. இந்த ஆண்டு அவர்கள் வில்லு எங்கே நடந்தாலும் போய்க் கேளுங்கள்.

ராதாபுரம் பக்கத்து இளைஞர் குழு ஒன்றுக்கும் நல்ல எதிர்காலம் இருக்கிறது. வசனம் பேசுவதில் அந்தப் புலவருக்கு இணை சொல்ல எனக்கு ஆள் தெரியவில்லை. ஆனால் பேடு வைத்திருக்கிறார்கள், சினிமா மெட்டும் கலக்கிறார்கள். தம்பிமாரே, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரே ஒரு கொடைக்கு அந்தப் பேடை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குடத்து மைக்கை வாய்க்கு நேரே வைக்காதீர்கள். பத்தி தள்ளும் காற்று மோதி வெறும் இரைச்சலாக வரும். ஒரு சாண் தள்ளி, சாய்த்து வையுங்கள். எக்கோவை அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் வில் எப்படிப் பேசுகிறது என்று நீங்களே கேட்பீர்கள்.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மேடைக்கு நேர் எதிரே ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்காராதீர்கள். குடம் இருக்கிற பக்கமாக, முன்வரிசையில் உட்காருங்கள். முதல் அரை மணி நேரம் புலவரைப் பார்க்காமல் பத்தியையே பாருங்கள். பிறகு கதையைக் கேளுங்கள். கதை வேறு மாதிரி கேட்கும்.

கொடை நடத்துகிற விழாக்குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். வில்லுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது "பேடு உண்டா" என்று கேட்கிறீர்கள். "குடம் யாரு" என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் புலவர்கள் நல்ல குடக்காரரைத் தேடிப் போவார்கள், நல்ல சம்பளமும் கொடுப்பார்கள். விடிந்து வாழி பாடி முடித்ததும் புலவருக்குப் பொன்னாடை போர்த்துவீர்கள் அல்லவா? அப்போது குடக்காரரையும் பெயர் சொல்லி மேடைக்கு முன்னால் அழையுங்கள்.