குதிரை பொம்மை சேர்ப்பது: ஒரு பொழுதுபோக்கும் அதன் கணக்கும்

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதை எப்படிப் பயனுள்ளதாகக் கழிப்பது என்று பேசச் சொன்னார் நம் செயலாளர். மாடித்தோட்டம், நடைப்பயிற்சி பற்றியெல்லாம் போன கூட்டங்களில் நன்றாகவே பேசிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது குதிரை பொம்மை. வங்கியில் எழுத்தராக இருந்த காலத்தில் மாற்றல் ஆகிப் போன ஊர்களில் ஒன்று, சுற்றுலா போன இடத்தில் ஒன்று என்று வாங்கியது, இன்று 64 குதிரைகளாக வீட்டு அலமாரியில் நிற்கிறது. தூசி தட்டுவது யார் என்ற கேள்வி மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

பெரியவர்களுக்கு இது தேவையா என்று சிலர் சிரிக்கலாம். அமெரிக்காவில் இது பெரியவர்களே முனைந்து செய்யும் பொழுதுபோக்கு. அங்கே ப்ரேயர் என்ற நிறுவனம் 1950 வாக்கில் ஒரு மேசைக் கடிகாரத்துக்கு அலங்காரமாகப் பிளாஸ்டிக் குதிரை ஒன்றைச் செய்து கொடுத்தது. கடிகாரம் வேண்டாம், குதிரை மட்டும் கிடைக்குமா என்று மக்கள் கேட்டார்கள். அதிலிருந்து அதுவே அவர்கள் தொழில் ஆகிவிட்டது. 1990 முதல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் இதற்கென்றே ஆண்டு விழா நடக்கிறது.

இந்தப் பொம்மைகளுக்குப் போட்டியும் உண்டு. ஒரு பிரிவில் குதிரையின் இனம், உடல் அமைப்பு, கால் வைத்திருக்கும் விதம் சரியா என்று பார்ப்பார்கள். இன்னொரு பிரிவில் சேணம், கடிவாளம் எல்லாம் அந்த அளவுக்குச் சிறிதாகச் செய்து பூட்டிக் காட்ட வேண்டும். பொம்மைக்குப் பக்கத்தில் அது என்ன இனம், என்ன செய்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வைப்பார்கள். அந்தச் சீட்டு முறை எனக்கு மிகவும் பிடித்தது.

நமக்கு இது புதிது இல்லை. படி கட்டி, பொம்மை அடுக்கி, ஊரை அழைத்துக் காட்டுவதுதானே கொலு? அதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம். காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு இருக்கிறது. மண்ணிலும் காகிதக்கூழிலும் அச்சு எடுத்து, இரண்டு பாதியை ஒட்டி, காயவைத்து, வெள்ளை அடித்து வண்ணம் தீட்டுகிறார்கள். 2019இல் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்த ஆண்டு, கொலுவுக்கு அத்திவரதர் பொம்மையைத் தேடி வாங்கினோம், நினைவிருக்கும். அதே கடைகளில் குதிரை வாகனப் பெருமாளும் பொய்க்கால் குதிரை ஆட்ட ஜோடியும் கேட்டுப் பாருங்கள்.

நல்ல குதிரை எப்படி இருக்க வேண்டும் என்று கண் பழக வேண்டுமானால் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போங்கள். எல்லோரும் கல் சங்கிலியைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தூண்களில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகளின் கடிவாளத்தையும் சேணத்தையும் வீரன் கால் வைத்திருக்கும் இடத்தையும் நின்று பாருங்கள். சித்ரா பௌர்ணமிக்கு அதே பெருமாள் நம் ஊர் நடவாவிக்கு வருகிறார். நாம் அங்கே ஒரு நாள் காலையில் போய்வர முடியாதா?

வங்காளத்தில் பாங்குரா மாவட்டத்துப் பாஞ்சமுரா கிராமத்து மண் குதிரைக்கு நீண்ட கழுத்து, விறைத்த காது. 2018இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்து ஐயனார் கோயில் குதிரை ஏறக்குறைய 33 அடி உயரம். மாசி மகத்துக்கு அதற்குக் காகித மாலைகள் சாத்துவார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஏரிக்கரையில், ஊர் எல்லையில், ஐயனார் கோயில்களில் நிற்கும் பழைய மண் குதிரைகளை வீட்டு அலங்காரத்துக்கு வாங்கும் பழக்கம் வந்திருக்கிறது. என்னிடமே ஒரு வியாபாரி செல்போனில் படம் காட்டி, "பழசு சார், இந்த மாதிரி இனி கிடைக்காது" என்றார். நான் வேண்டாம் என்றேன். நீங்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்கிறேன்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் புரவி எடுப்பு என்று விழா உண்டு. ஊர் சார்பில் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கும். குதிரையைச் செய்து, சுட்டு, வண்ணம் பூசி, கண் திறந்து, ஊரே சுமந்து கொண்டுபோய்க் கோயிலில் வைக்கும். பிறகு அது மழையிலும் வெயிலிலும் நின்று மெல்ல மெல்ல உதிரும். அடுத்த புரவி எடுப்பில் புதுக் குதிரை வரும். வேளாருக்கு மறுபடி வேலை வரும்.

அது நேர்த்திக்கடன். யாரோ ஒரு தாய், பிள்ளைக்கு உடம்பு தேறியதற்காகக் கட்டிய கடன். வங்கிக்காரன் கணக்கில் சொன்னால், அந்தக் குதிரை கடன் தீர்ந்ததற்கான ரசீது. அடுத்தவர் ரசீதை எடுத்து வந்து நம் வரவேற்பறையில் வைக்கலாமா? சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சுடுமண் சிற்பம் தொல்பொருள். வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் யோசியுங்கள். கோயில் குதிரைக்குக் கொடுக்கும் பணம் இடைத்தரகருக்குப் போகிறது. அதைச் செய்த குடும்பத்துக்கு ஒரு ரூபாய் கூடப் போவதில்லை. அதே பணத்துக்கு ஒரு வேளாரிடம் சொல்லிப் புதிதாகச் செய்யச் சொன்னால், அவர் பேரனும் சக்கரத்தில் உட்காருவான். பழைய குதிரை மேல் ஆசை இருந்தால், புதுக் குதிரைக்கு முன்பணம் கொடுங்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்: வரிசை எண், வாங்கிய தேதி, ஊர், யாரிடம், என்ன பொருள், உயரம், விலை. கோயிலிலிருந்து வந்ததில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. வண்ணம் பூசிய மண் பொம்மையைத் தண்ணீரில் கழுவாதீர்கள். மென்மையான பிரஷ் போதும். காதையோ வாலையோ பிடித்துத் தூக்கக் கூடாது. வயிற்றுக்கு அடியில் கை கொடுக்க வேண்டும். காகிதக்கூழ் பொம்மையை ஐப்பசி மழைக்கு முன் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஈரமும் கரையானும் சுவர் வழியாகத்தான் வரும். பிளாஸ்டிக் குதிரை வெயில் பட்டால் மஞ்சளாகும். விலை ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். இது வைப்பு நிதி இல்லை, செலவு. பென்ஷனில் மாதம் இவ்வளவு என்று வரம்பு வைத்துக்கொண்டால் வீட்டில் சண்டை வராது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் நவராத்திரியில் ஒரு மாலை நம் சங்க அறையில் குதிரைக் காட்சி வைக்கலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். பிரிவுகள்: மண், மரம், துணி, காகிதக்கூழ், பிள்ளைகள் தம் கையால் செய்தது. ஒவ்வொரு குதிரைக்கும் பக்கத்தில் ஒரு சீட்டு: எந்த ஊர், யார் செய்தது, எப்படி உங்களிடம் வந்தது. பரிசுப் பணம் கிடையாது. விதி ஒன்றே ஒன்று: கோயிலிலிருந்து எடுத்த குதிரைக்கு மேசையில் இடமில்லை.

நடக்க முடியாமல் வீட்டிலேயே இருக்கும் பெரியவர்களிடம் பழைய கொலுப் பெட்டியில் குதிரை இருக்கிறதா என்று கேளுங்கள். அதை வாங்கிய கதையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொம்மை இன்னும் பல வருடம் இருக்கும். கதையை இப்போதே கேட்டால்தான் உண்டு. காட்சியில் வைக்க விரும்புபவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.