களைத்தவர்களின் திருநாள்

(பங்குத் திருவிழாவின் நிறைவு இரவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

தேர் நிலைக்கு வந்துவிட்டது. பந்தி முடிந்து, பிள்ளைகள் பலூனும் கையுமாகத் தூக்கக் கலக்கத்தில் நிற்கிறார்கள். ஆகவே பிரசங்கத்தை நீட்ட மாட்டோம். ஒரு குற்றத்தை மட்டும் உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நவநாளின் ஐந்தாம் நாள் மாலை. நாம் பிரசங்கம் செய்துகொண்டிருக்கையில், தூணில் சாய்ந்து ஒருவர் குறட்டைவிட்டுத் தூங்கினார். நமக்குக் கோபம் பொங்கிற்று. "வீட்டில் தூங்க இடமில்லையா?" என்று பீடத்திலிருந்தே கேட்டோம். சபை சிரித்தது. அவர் எழுந்து தலைகுனிந்து வெளியே போனார்.

பூசை முடிந்ததும் அவர் மனைவி வந்தார். "சாமி, அவருக்கு வாரம் முழுக்க நைட் ஷிப்ட். காலையில் வீட்டுக்கு வந்தும் படுக்காமல் பந்தல் போட வந்துட்டாருங்க" என்றார். நாம் நின்றிருந்த பந்தல் அவர் கட்டியது! அன்றிரவே அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவரோ, "பரவாயில்லை சாமி, உங்க குரல் காதில் விழுந்தாலே நிம்மதியாத் தூக்கம் வருது" என்றார். அது புகழ்ச்சியா அல்லவா என்பது இன்றும் நமக்கு விளங்கவில்லை.

அன்பர்களே, நம் வட்டாரம் உழைப்பாளர் வட்டாரம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாயிற்று. பிழைப்புத் தேடி எங்கெங்கிருந்தோ வந்தவர்களே இந்தப் பங்கின் குடும்பங்கள். அன்று லேத்து முன் நின்றவரின் பேரன், இன்று அதே பேட்டையில் இரவெல்லாம் கணினி முன் அமர்ந்து அயல்நாட்டாருக்கு வேலை செய்கிறான். கருவி மாறிற்று, களைப்பு மாறவில்லை.

நம் பாதுகாவலரான சூசையப்பரும் தச்சுப்பட்டறைக்காரரே. தொழிலாளரான சூசையப்பரின் திருநாளை 1955இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மே முதல் நாளில் ஏற்படுத்தினார். அதே மே தினத்தை 1923இல் சென்னைக் கடற்கரையில் முதன்முதலாகக் கொண்டாடியவர் சிங்காரவேலர். அதற்கும் முன்னே, 1891இல், பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய நிருபத்தில் ஞாயிறு ஓய்வை வற்புறுத்தினார். ஓய்வு முதலாளி போடும் பிச்சையன்று, உழைப்பாளியின் உரிமை. நாமோ ஓய்வெடுக்க வந்தவரை அதட்டி விரட்டினோம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையைப் படித்துப் பாருங்கள். வீட்டுத் தலைவனுக்கு மட்டுமா ஓய்வு? மகனுக்கும் மகளுக்கும், வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும், வாசலில் இருக்கும் அந்நியனுக்கும் அன்று ஓய்வு உண்டு. நம் வீடுகளில் எப்படி? திருவிழாவென்றால் ஆண்களுக்கு விடுமுறை. பெண்களுக்கு இரட்டை ஷிப்ட். ஊரிலிருந்து வந்த உறவினருக்கெல்லாம் வடித்துக் கொட்டிவிட்டுத் தேர் தெருமுனை திரும்பும்போது, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்கு ஓடிவந்து கும்பிடும் தாய்மார் எத்தனை பேர்!

அதனால்தான் இவ்வாண்டு பந்திச் சமையலை ஆண்கள் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொண்டோம். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது, உண்மை. ஆனால் நம் தாய்மார் தேரோடு கோயிலிலிருந்து நிலை வரை நடந்து வந்தார்களே! "இருபது வருஷத்தில் இன்றைக்குத்தான் சாமி முழுத்தேரும் பார்த்தேன்" என்று ஒரு தாய் நம்மிடம் சொன்னார். மேளக்காரரும், ஜெனரேட்டர்காரரும், தெரு கூட்டும் சகோதரிகளும் முதல் பந்தியில் அமர்ந்தார்கள். ஜூபிலி ஆண்டின் நினைவாக இந்த வழக்கம் நிலைக்கட்டும் என்பதே நம் ஆசை.

நாளைக் காலை சங்கு ஊதும், பேருந்துக்கு ஓடுவீர்கள். இன்றிரவு நன்றாகத் தூங்குங்கள். அடுத்த நவநாளில் யாரேனும் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தால், பக்கத்திலிருப்பவர் தட்டி எழுப்ப வேண்டாம். நாம் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்கிறோம்.

ஆண்டவர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக!