கல்வராயன் மலையின் கடற்கரை

(கள்ளக்குறிச்சியில் களப்பணியாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடலே இல்லாத ஊரில் கடற்கரையைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன வந்தது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். 2019 நவம்பர் வரைக்கும் நாம விழுப்புரம் மாவட்டம். மரக்காணமும் பொம்மையார்பாளையமும் நம்ம மாவட்டத்துக் கடற்கரை. மாவட்டத்தைப் பிரித்தபோது கடல் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் தண்ணிக்கு எல்லைக்கல் தெரியாது. கல்வராயன் மலையில் பிறக்கிற கோமுகி, மணிமுத்தாறோடு சேர்ந்து வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அந்தக் கரையின் மணலில் நம்ம மலையின் பொடியும் கிடக்கிறது. ஆற்றை மறித்து அணை கட்டினோம். மிச்ச மணலை லாரி லாரியாக அள்ளவிட்டோம். இப்ப கடல் ஊருக்குள்ள வருதுன்னு கடல்மேலேயே பழி போடுகிறோம்.

புதுச்சேரியைப் பாருங்கள். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழும்பின. வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிற மணல் அங்கேயே நின்றுபோனது. நகரத்துக் கடற்கரை கரைந்தது. அரிப்பு வடக்கே சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று குப்பங்களுக்குள் புகுந்தது. 2018இல் மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் பணத்தில், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றை இறக்கியது. மணல் திரும்பி வந்தது. வடக்கே குப்பங்களுக்கு வந்ததோ கருங்கல். தலைமைச் செயலகத்துக்கு மணல், குப்பத்துக்குக் கல்.

பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு, அரிப்பைத் தடுக்கத் தேசியப் பேரிடர் தணிப்பு நிதியில் 1,500 கோடி ரூபாயும், ஆற்றரிப்பாலும் கடலரிப்பாலும் வீடிழந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடியும் ஒதுக்கச் சொன்னது. மாநிலத்தின் பேரிடர் நிதியில் 20 சதவீதம் தணிப்புக்கு என்று பிரித்தது. தமிழக அரசு 2023-24 பட்ஜெட்டில் உலக வங்கி உதவியோடு ஐந்தாண்டுகளுக்கு 2,000 கோடியில் நெய்தல் மீட்சி இயக்கம் என்று அறிவித்தது. அதே ஆண்டு மத்திய பட்ஜெட், அலையாத்திக் காடு வளர்க்க நூறுநாள் வேலைப் பணத்தையும் காடழிப்புக்கு ஈடாக வாங்கிய பணத்தையும் சேர்க்கலாம் என்றது. பணம் இருக்கிறது. அது யார் பெயரில் வரவாகிறது?

நான் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். கவிதை எழுதுவது ராத்திரியில், பகலில் வவுச்சர். சில வருஷம் முன்னால் கடலோரக் கிளை ஒன்றில் இருந்தேன். புயல் நிவாரணம் கணக்கில் ஏறிய வாரம், உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா தினமும் வந்து பாஸ்புக்கை நீட்டுவார். "ஏந்தம்பி, கடல் காசு வந்திச்சா?" பட்டியலில் அவர் பெயர் இல்லை. பட்டியல் கேட்டது படகு உண்டா, வலை உண்டா என்று. உப்பு வார்ற பலகை உண்டா என்று கேட்கவில்லை. நாலாம் நாள் வந்தபோது நான் பார்க்காமலேயே "இல்லம்மா" என்றேன். இதை இங்கே சொல்லாமல் நிதிக்குழுவைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

2004 சுனாமியிலும் இதுதான் நடந்தது. கரையோர வயல்களில் உப்பு ஏறி, கூலி வேலை போன சேரி மக்கள் பல ஊர்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். மீனவர் வாங்கினார் என்பதல்ல என் குறை, அவரும் நசுக்கப்பட்டவர்தான். பொறியாளர் கரையை மீட்டரில் அளக்கிறார், ஆளை அளப்பதில்லை என்பதுதான் குறை.

கணக்குப் புத்தகத்தில் இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 789, தலித்துகளுக்கான துணைத் திட்டம். 796, பழங்குடிகளுக்கானது. கடலோர வேலைக்கு இந்தத் தலைப்பில் எவ்வளவு என்று கேட்டால், இது பொதுவேலை, எல்லாருக்கும் பயன், பிரிக்க முடியாது என்பார்கள். டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்குத் துணைத் திட்டப் பணம் போனது தெரியுந்தானே? அதுவும் பொதுப்பயன் கணக்குதான். தமிழ்நாட்டில் 2024இல் இந்த நிதிக்கென்று ஒரு சட்டமே வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

பிச்சாவரத்தில் அழிந்த அலையாத்தியை மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி மீட்டார்கள். மண்வெட்டி வேலை, கூலி வேலை. கல் கொட்டினால் காண்ட்ராக்டருக்குப் போகிற காசு, வாய்க்கால் வெட்டினால் கூலிக்காரர் கைக்குப் போகும். கல்லுக்கு மட்டும் ஏன் சுலபமாக மதிப்பீடு தயாராகிறது என்பதை நீங்களே யோசியுங்கள்.

மலைக்கு வருகிறேன். ஜாகிர்தார்கள் பிடியிலிருந்து கல்வராயன் மலை வெளியே வந்ததே 1976இல். 2024இல் கருணாபுரத்துச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்ட பின்தான் மலையில் சாலை உண்டா என்று கோட்டையில் தேடினார்கள். மலையில் பாதை கேட்டால் வனம் என்கிறார்கள். கரையில் மனை கேட்டால் புறம்போக்கு என்கிறார்கள். ஆற்றின் இரண்டு முனையிலும் ஒரே பதில்.

மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். தணிப்பு நிதியில் விழுப்புரம், கடலூர் கரைக்கு எந்த வேலை எவ்வளவு தொகைக்கு அனுமதியானது, யாருக்குக் கூலி போனது, 789இல் எவ்வளவு, 796இல் எவ்வளவு. இந்த நாலு கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளில் வரணும். வராவிட்டால் மேல்முறையீடு எழுத நான் உட்காருகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில்.